ஆலிவ் தண்ணீர் குடித்த அண்ணன்

பிள்ளைகளே, 2006-இல் நாங்கள் சவுதியில், அல் கோபார் நகரத்தில் இருந்தோம். என் மகன் ஜெபினுக்கு அப்போது ஆறு வயது. அடிக்கடி வாந்தி எடுப்பான், சோர்ந்து படுத்துக்கொள்வான். உடம்பும் கறுத்துக்கொண்டே வந்தது. அந்த ஊர் வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். கிளினிக்கில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். பலனில்லை.

ஒரு நாள் மயங்கி விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே தமிழ் தெரிந்த மலையாளி டாக்டரம்மாவிடம் வெயில் கதையைச் சொன்னேன்.

"என்னெல்லாம் சாப்பிடுவான்?" என்று கேட்டார்.

"சோறு, பால்..." என்றேன். உடனே என் சின்ன மகள் ஜெனி குறுக்கே புகுந்தாள்.

"ஆன்ட்டி, அண்ணன் ஆலிவ் காய் ஊறுற பாட்டில்ல இருக்குற உப்புத் தண்ணியைத் திருடிக் குடிப்பான். எனக்குச் சொட்டுகூடத் தரமாட்டான்!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "சும்மா இரு பிள்ளே!" என்று அவள் வாயைப் பொத்தினேன்.

"அவ பேசட்டும்" என்ற டாக்டர், ஜெபினின் ஈறுகளைப் பார்த்தார். "வாய்க்குள்ளயும் கறுத்திருக்கே. அங்க எப்படி வெயில் படும்?"

ரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்தது. உடம்பில் உப்பைக் காக்கும் ஹார்மோன் அவனுக்குச் சரியாகச் சுரக்கவில்லை. பரம்பரையாக வரும் குறையாம். அதனால்தான் உடம்பு கறுத்தது, உப்பையும் கேட்டிருக்கிறது. இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். தினமும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் பிள்ளை தெளிந்து எழுந்தான். கடவுளுக்கும் அந்த டாக்டருக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

அன்றிலிருந்து டாக்டர் முன்னால் என் பிள்ளைகள் பேசி முடித்த பிறகுதான் நான் பேசுகிறேன். நீங்களும் அப்பா திட்டுவார் என்று பயந்து எதையும் மறைக்காதீர்கள். வாயைப் பொத்திய அப்பாவே சொல்கிறேன்.