ஆளில்லா மைல்

சுதந்திரத்துக்கு ஒரு வயது நிறைந்த 1948 ஆகஸ்டில், திருச்செந்தூர் கடற்கரையில் ஏற்றும் பந்தத்தைத் தூத்துக்குடித் துறைமுகம் வரை ஓடியே கொண்டுவருவது என்று கமிட்டி முடிவு செய்தது. மைலுக்கு ஓர் ஆள். வழியில் தீப்பெட்டியைத் தொடக் கூடாது. திருச்செந்தூரில் பிறந்த தீயே துறைமுகம் சேர வேண்டும். யாருக்கு எந்த மைல் என்பதில் மூன்று கூட்டம் சண்டையில் கழிந்தது. கடைத்தெரு மைலுக்கு மட்டும் ஒன்பது பேர் போட்டி. உப்பளத்துக்கு நடுவே போகும், கடைசிக்கு முந்தின மைலைச் சீந்துவாரில்லை. பார்க்க ஆளில்லாத இடத்தில் தேசபக்தி எதற்கு என்று பெரியவர்கள் கருதியதில் பிழை சொல்ல முடியாது.

அந்த மைல் அய்யாக்குட்டிக்குக் கிடைத்தது.

அய்யாக்குட்டி சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்து துறைமுகத்தில் பஞ்சுப் பொதி சுமப்பவர். நாற்பத்திரண்டு வயது. படிப்பு, சொத்து, எதிரி மூன்றும் கிடையாது. பொய் சொல்லவும் வராது. ஒருமுறை முயன்று மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததாகக் கேள்வி. "எனக்கா அண்ணாச்சி? முழுசா ஒரு மைலா?" என்று கமிட்டித் தலைவர் தேவபிரசாதத்திடம் நான்கு தடவை கேட்டார். பிறகு ஒரு மாதம் வீட்டு உலக்கையைத் தூக்கிப் பிடித்து ஓடிப் பழகினார். மனைவி செண்பகம் பக்கத்து வீட்டில் உலக்கை இரவல் கேட்டாள். "எங்க வீட்டு உலக்கை தேச சேவைக்குப் போயிருக்கு" என்று காரணமும் சொன்னாள்.

ஆகஸ்ட் பதினைந்து காலை பந்தம் அவர் கைக்கு வந்தபோது மேற்கிலிருந்து கச்சான் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பந்தத்துக்கு ஊற்றப் புன்னை எண்ணெய்ப் போத்தலோடு சைக்கிளில் துணைக்கு வந்த வில்பிரட், போகிற போக்கில் பந்தத்தில் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டான்.

"ஏலே, சுதந்திரத் தீயிலயா பீடி பத்தவைக்க? எறிலே அதை" என்று அய்யாக்குட்டி ஓடியபடியே திரும்பி அதட்டினார். திரும்பியவரின் கால் வரப்பில் வழுக்கியது. பந்தம் உப்புப் பாத்தியில் விழுந்து, 'சுர்' என்றது.

பாத்தியில் நின்ற சீனித்தாய் ஓடி வந்தாள். உப்புக்கு விடுமுறை கிடையாதென்பதால் அங்கே நாற்பது பெண்கள் வேலையில் இருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி ஆச்சு?"

'அணைந்தது' என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. "மலையேறிட்டு தாயி" என்றார். கண் கலங்கியிருந்தது. "வாழ்க்கையில ஒரு மைலு குடுத்தாவ. அதையும் உப்புல போட்டுட்டேன்."

வில்பிரட் தலை குனிந்தான். "எறியச் சொன்னிய, இந்தா எறிஞ்சிருதேன்" என்று கையை ஓங்கினான்.

"எறியாதலே."

அய்யாக்குட்டி பீடியையே பார்த்தார். திருச்செந்தூர்த் தீயின் ஒரே வாரிசு, அரை அங்குல நீளத்தில் அங்கே புகைந்துகொண்டிருந்தது.

"இழுலே. விடாம இழு."

பாரத தேசத்தின் பொருட்டு வில்பிரட் இழுத்தான். அய்யாக்குட்டி இடுப்புத் துண்டைக் கிழித்துக் கம்பில் சுற்றி எண்ணெயில் நனைத்தார். சீனித்தாய் தன் ஓலைப்பெட்டியைப் பிய்த்துச் சருகாக்கினாள். பெண்கள் சுற்றி நின்று முந்தானைகளால் காற்றை மறித்தார்கள்.

"ஏளா, குனிஞ்சு ஊது. கஞ்சிக்கு ஊதுத மாதிரி ஊதாத, கட்டினவனை நெனச்சு ஊது" என்றாள் சீனித்தாய். ஓலை பற்றியது. பந்தமும் பற்றியது.

மைல் முடிவில் கதர் மாலையோடு காத்திருந்தார் தேவபிரசாதம். கடைசி மைல் அவருடையது. அய்யாக்குட்டி பந்தத்தை நீட்டும் முன்பே நடந்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டார். "இது ஆகாதுன்னா சொல்லிருங்க அண்ணாச்சி. திரும்பத் திருச்செந்தூருக்கே ஓடி எடுத்தாரேன்."

பீடியை வாழ்நாளில் தொட்டறியாத தேவபிரசாதம் வில்பிரட்டிடம் திரும்பினார். "பீடிக்குத் தீ எங்கனருந்து வந்தது?"

"பந்தத்துலருந்துதான்" என்றான் வில்பிரட். இருமல் இன்னும் அடங்கவில்லை.

"அப்போ அதே தீதானே?"

"அதே தீதான்" என்றார்கள் பின்னாலேயே ஓடி வந்திருந்த உப்பளப் பெண்கள் நாற்பது பேர்.

தேவபிரசாதம் பந்தத்தை வாங்கிக்கொண்டு ஓடினார். தம் மைல் முடிந்தும் அய்யாக்குட்டிக்குக் கால் நிற்கவில்லை; அவர் பின்னே ஓடி வந்தவர்களும் நிற்கவில்லை. துறைமுகத்தில் எல்லாரும் ஓர் ஆளை எதிர்பார்த்து நின்றார்கள். வந்து சேர்ந்தது ஓர் உப்பளம்.