ஹெஸ்டர் கிம்பர் தேடிய நாலாவது சீட்டு

மிசஸ் ஹெஸ்டர் கிம்பர் எங்கள் அகராதிக் கொட்டகையில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தார். அதில் மூன்று வருடத்தை ஒரே ஒரு வினைச்சொல் தின்றது. 'ரன்'. ஓடுவது என்று பள்ளிக்கூடத்தில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கால் மட்டுமா ஓடுகிறது? குழாய் ஓடும், குழந்தைக்கு மூக்கு ஓடும், துணியில் சாயம் ஓடும், சாலை ஆற்றோரமாக ஓடும், நாடகம் நூறு நாள் ஓடும். ஒருத்தி குடும்பத்தை நடத்தினாலும் இதே சொல்தான். கள்ளக்கடத்தல்காரன் சாராயப் பீப்பாயைக் கரையேற்றினாலும் இதே சொல்தான். அமெரிக்காக்காரன் தேர்தலில் நிற்பதற்கும் இதைத்தான் சொல்கிறான். அந்த அர்த்தத்தைப் பார்த்த அன்று மிசஸ் கிம்பர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இனி உட்கார்வதற்கும் இதையே சொல்லிவிடுவார்கள் என்றார்.

எங்கள் வேலை இதுதான். நாடு முழுவதும் பாதிரிமார்களும், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளும், பொழுது போகாத சீமாட்டிகளும் புத்தகம் படித்து, ஒரு சொல் வருகிற வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். விட்டுப்போனதை நாங்களும் எழுதிச் சேர்ப்போம். அர்த்தவாரியாகப் பிரித்து, வருடவாரியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டுவோம். 'ரன்'னுக்கு மட்டும் பதினோராயிரம் சீட்டு, எண்பத்திரண்டு கட்டு. அந்தக் கட்டுகளை அடுக்கியவர் மிசஸ் கிம்பர். அவருக்குக் கீழே நான் இருந்தேன். என் பெயர் ஐவி. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

1917-இல் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் எந்தத் தாளையும் நாங்கள் விடுவதில்லை. திங்கட்கிழமை காலையில் மேசை மேசையாகப் போய், வெற்றுப் பக்கம் மேலே தெரியும் தாள்களையெல்லாம் பொறுக்கி, வெட்டுக்கத்தியில் கொடுத்து நாலு நாலாக வெட்டி அடுக்கி வைப்பது என் வேலை. மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தேவாலயத்து அறிவிப்பு இருக்கும், இறைச்சிக்கடைச் சீட்டு இருக்கும், யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதம்கூட இருக்கும். அதைப் படித்துச் சிரித்து நாங்கள் அரை நாளை வீணாக்கினோம் என்று ஆசிரியர் மிஸ்டர் தோரோல்ட் ஒருமுறை கடிந்துகொண்டார். அன்றிலிருந்து சீட்டின் முதுகைப் பார்ப்பது எங்கள் கொட்டகையில் கெட்ட பழக்கம்.

மிசஸ் கிம்பர் விதவை. ஒரே மகன் டெனிஸ், பத்தொன்பது வயது. அந்த ஏப்ரலில் பிரான்சில் போர்முனையில் காணாமல் போனான். செத்தான் என்றும் சொல்லவில்லை, பிடிபட்டான் என்றும் சொல்லவில்லை, காணவில்லை, அவ்வளவுதான். ஐந்து மாதம் அந்த அம்மாள் எப்படி வேலைக்கு வந்தார், எப்படி ரொட்டியை மென்று விழுங்கினார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. செப்டம்பர் முதல் தேதி ஒரு கடிதம் வந்தது. ராணுவ மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு சிப்பாய் பென்சிலால் எழுதியிருந்தான், ஒரே தாள், ஒரே பக்கம். டெனிஸின் தொடையில் அடிபட்டது, ஒரு செங்கல் சூளைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் சேர்ந்து கிடந்தோம், நான் ஊர்ந்து வந்துவிட்டேன், விட்டு வரும்போது அவன் உயிரோடு பேசிக்கொண்டிருந்தான், ஜெர்மன்காரர்கள் தூக்குக் கட்டிலோடு வருவதைத் திரும்பிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தான். அப்படியானால் டெனிஸ் எங்கோ ஒரு சிறைமுகாமில் இருக்கலாம். காணாமல் போனவர்களை விசாரிக்கும் லண்டன் அலுவலகத்துக்கு அன்றே மிசஸ் கிம்பர் எழுதிப் போட்டார், சாட்சி கிடைத்துவிட்டான் என்று.

மூன்றாம் தேதி திங்கட்கிழமை, பதில் எழுத நேரம் கிடைக்குமா என்று அந்தக் கடிதத்தைக் கொட்டகைக்கே கொண்டுவந்தார். வேறு யாரும் படித்துவிடக் கூடாதென்று குப்புறக் கவிழ்த்து, மேலே பாரத்துக்குத் தன் பித்தளைத் தவளையை வைத்துவிட்டு, மிஸ்டர் தோரோல்ட் கூப்பிட்டார் என்று எழுந்து போனார். நான் வந்தேன். வெற்றுப் பக்கம் தெரிந்தது. தவளையை நகர்த்தினேன், தாளை எடுத்தேன், வெட்டினேன். வெட்டும்போது முதல்நாள் பார்த்த தொப்பி ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை முதல் மிசஸ் கிம்பர் கடிதத்தைத் தேட ஆரம்பித்தார். வழியில் விழுந்திருக்கும் என்று நினைத்துக் கால்வாய்க் கரையில் வீடுவரை குனிந்துகொண்டே நடந்தார். கொட்டகையில் எல்லோரையும் கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. வாரத்துக்கு நூறு தாள் வெட்டுகிறவளுக்கு எந்தத் தாள் நினைவிருக்கும்? லண்டனிலிருந்து பதில் வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. சாட்சியின் முழுப்பெயர், படை எண், மருத்துவமனை மூன்றும் மாத முடிவுக்குள் வேண்டும், இல்லாவிட்டால் இறந்ததாகக் கொண்டு கோப்பை முடிப்பார்களாம். அவருக்கு நினைவிருந்தது வில்ஃப் என்ற பெயர் மட்டும். எண்ணும் மருத்துவமனையும் கடிதத்தின் இடது மேல் மூலையில் இருந்தன. இங்கிலாந்தில் அப்போது எத்தனை மருத்துவமனை, எத்தனை வில்ஃப்.

பதினேழாம் தேதி மிசஸ் கிம்பர் கையிலிருந்து ஒரு கட்டு நழுவித் தரையில் சிதறியது. குனிந்து பொறுக்கினார். நான் உதவ எழுந்தேன். ஒரு சீட்டு குப்புறக் கிடந்தது. அதில் பென்சில் எழுத்து. பாதி வரிகள், வலப்பக்கம் அறுந்த வரிகள். அவர் அதைத் திருப்பினார். முன்பக்கத்தில் அவருடைய சொந்தக் கையெழுத்து, மூக்கு ஓடுவதற்கு மேற்கோள். தன் மகனைப் பற்றிய கடிதத்தின் முதுகில் தானே எழுதி, தானே அடுக்கி, தானே கட்டியிருக்கிறார். அவர் அழவில்லை. தரையிலேயே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐவி, அன்னிக்கு என் மேசையில தவளைக்கு அடியில ஒரு தாள் இருந்துச்சா?"

எனக்கு அந்த நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்தது, தவளையின் குளிர்ச்சிகூட. "ஞாபகம் இல்லைங்க, மிசஸ் கிம்பர்" என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். நான் வெட்கப்படுவது இந்த ஒன்றுக்குத்தான்.

மீதி மூன்று சீட்டு எங்கே என்பதுதான் இனிக் கேள்வி. அந்த வாரம் முழுக்க அவர் 'ரன்'னுக்குத்தான் எழுதினார் என்பதால் பதினோராயிரத்துக்குள்தான் இருக்க வேண்டும். ஆனால் கட்டுகளைப் பிரிக்க அனுமதி கிடையாது. வரிசை கலைந்தால் அச்சகம் காத்துக் கிடக்கும். சாப்பாட்டு நேரம் அரைமணி. அந்த அரைமணியில், தான் என்னென்ன மேற்கோள் எழுதினோம் என்று கண்ணை மூடி நினைவுபடுத்திச் சொல்வார், நான் அந்தக் கட்டை எடுத்துவருவேன். பீப்பாய்க் கடத்தல் என்பார், அதில் இருக்காது. மாவு மில் ஓடுவது என்பார், அதிலும் இருக்காது. குதிரை மிரண்டு ஓடியது, கணக்கு வாய்ப்பாடு மனதில் ஓடியது, முதுகில் நடுக்கம் ஓடியது. ஒவ்வொரு முறையும் நூலைப் பிரித்துச் சீட்டைத் திருப்பும்போது அவருடைய உதடு அசையும். ஜெபமா, எண்ணிக்கையா தெரியாது. குழாய் ஓடும் கட்டுக்குள் ஒன்று கிடைத்தது. கையெழுத்திருந்த வலது கீழ்மூலை. வில்ஃப் என்பது தெளிவு, அடுத்த பெயர் வெறும் கிறுக்கல்.

புதன்கிழமை சாப்பிடப் போன மிஸ்டர் தோரோல்ட் சீக்கிரமே திரும்பிவிட்டார். மேசைமேல் ஏழு கட்டு பிரிந்து கிடந்தது. தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிசஸ் கிம்பர், இதை அடுக்க ரெண்டு வருஷம் ஆச்சு."

"என் பையனை வளர்க்கப் பத்தொம்பது வருஷம் ஆச்சு, சார்."

அந்த அம்மாள் அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னவென்று மிஸ்டர் தோரோல்ட் விசாரித்தார், நான் சொன்னேன், வெட்டியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு கொட்டகையில் இருந்த ஆறு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பெட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வரிசை மாறாமல் திருப்ப வேண்டும், பேச்சு கூடாது. அவரும் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் கொட்டகையில் இருந்த சீட்டு அத்தனையும் திருப்பியாயிற்று. ஆற்றோரச் சாலைக் கட்டுக்குள் மூன்றாவது கிடைத்தது. இடது மேல்மூலைதானோ என்று பார்த்தால், வலது மேல்மூலை. இடது மேல்மூலை மட்டும் எங்கும் இல்லை. மிசஸ் கிம்பர் நெற்றியை மேசையில் வைத்துக் கிடந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"குத்தகை. 'குத்தகை இன்னும் மூணு வருஷம் ஓடும்'னு ஒண்ணு எழுதினேன். அந்தக் கட்டு போன வாரமே அச்சுக்குப் போயிடுச்சு."

வியாழன் காலை அச்சகம் திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். ஃபோர்மன் பார்ஃபிட் அந்தக் கட்டைக் கொண்டுவந்து போட்டான். காற்றில் சீட்டு பறக்கிறது என்று, அவன் ஆட்கள் எல்லாவற்றையும் மாவுப்பசை போட்டுப் பெரிய அட்டைகளில் ஒட்டியிருந்தார்கள். குத்தகைச் சீட்டும் அட்டையில் இருந்தது, முகம் மேலே, பென்சில் எழுத்து பசைக்குள்ளே.

"தண்ணியில போட்டா வந்துரும்மா" என்றான் பார்ஃபிட். "ஆனா பட்டாளத்துப் பசங்க ஊதா பென்சில்ல எழுதுவானுங்க. காஞ்சிருக்கும்போது சாதா பென்சில் மாதிரியே தெரியும், தண்ணி பட்டா கரைஞ்சு போயிரும்."

மிசஸ் கிம்பர் பையிலிருந்து மற்ற மூன்றையும் எடுத்தார். எந்த எழுத்தைப் பலி கொடுப்பது என்று நெடுநேரம் பார்த்தார். கடைசியில் ஒரு கமாவின்மேல் எச்சில் தொட்ட விரலை வைத்துத் தேய்த்தார். கமா அப்படியே இருந்தது. சாதாரண பென்சில்தான்.

ஈய எழுத்துக் கழுவும் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினோம். போர்க்கால மை, தண்ணீர் பட்டதுமே அவர் எழுதிய குத்தகை மேற்கோள் நீலமாகப் பிரிந்து மிதந்து போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. கால்மணி நேரம் கழித்து நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கினார். தாள் உரிந்து வந்தது. பின்பக்கத்தில் எண் இருந்தது, வார்டு இருந்தது, மருத்துவமனை இருந்தது, கீழே புரியாத பெயர் மேலே தெளிவாக எழுதியிருந்தது: வில்ஃப் ஆர்க்கெல். அந்த ஈரத்தாளை அவர் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பார்ஃபிட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அழுதேன், சந்தோஷத்தில். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன் என்பதுதான் சரி.

தந்தியை மிஸ்டர் தோரோல்டே போய்க் கொடுத்தார். ஐந்து நாள் கழித்து மருத்துவமனைத் தலைமைத் தாதியிடமிருந்து பதில் வந்தது. வில்ஃப் ஆர்க்கெல் காயம் சீழ்பிடித்துப் பதினாலாம் தேதி இறந்துவிட்டான். கடைசி வாரம்வரை நல்ல நினைவோடு இருந்தானாம். மிசஸ் கிம்பர் என்று ஒருவரிடமிருந்து கடிதம் வந்ததா என்று தினமும் கேட்டானாம்.

நாங்கள் சேர்த்து ஒட்டி அனுப்பிய நாலு துண்டையும் லண்டன் அலுவலகம் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. சாட்சியை நேரில் விசாரிக்க வழியில்லாததால், எந்த முகாம் பட்டியலிலும் டெனிஸ் கிம்பர் பெயர் இல்லாததால், கோப்பு முடிக்கப்பட்டது. எந்தச் சூளை, எந்தப் பக்கம், தூக்கினவர்கள் எந்தச் சாலையில் போனார்கள்? கேட்டிருந்தால் ஆர்க்கெல் சொல்லியிருப்பான். மூன்றாம் தேதிக்கும் பதினாலாம் தேதிக்கும் நடுவே பதினோரு நாள் இருந்தது.

அந்தப் பதில் வந்த மறுநாள் மிசஸ் கிம்பர் எப்போதும்போல் ஒன்பது மணிக்கு வந்தார். குத்தகை மேற்கோள் தண்ணீரோடு போய்விட்டதால் அதை மறுபடி எழுத வேண்டும். ஒரு வெற்றுச் சீட்டு கேட்டார். கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதோ மளிகைப் பட்டியல். பிறகு எழுதினார், ஒரு எழுத்து பிசகாமல், ஆண்டும் பக்க எண்ணும் உட்பட. மை காயும்வரை காத்திருந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நீதான் வெட்டினேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், ஐவி. வேற யாரு வெட்டுவா?"

"மிசஸ் கிம்பர்..."

"அப்பவே தோண்டிக் கேட்டிருந்தா நீ அழுதுகிட்டு வீட்டுக்குப் போயிருப்பே. தேடறதுக்கு எனக்கு ஆள் வேணும். அதான் அதுக்கு மேல கேக்கலை." சீட்டைக் கட்டில் சொருகி நூலை இறுக்கினார். "இப்ப தேடி முடிஞ்சிருச்சு."

அவர் எழுந்து, தவளையையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு, அடுப்புக்குத் தூரமாக, ஜன்னலோரக் குளிரில் இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் நாங்கள் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தோம். 'ரன்' அச்சாகி வந்தது, அதற்கடுத்த சொற்களும் வந்தன. வேலை விஷயம் ஏதாவது இருந்தால் ஒரு சீட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு முறையும் நான் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பேன். பின்பக்கம் எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும்.