காப்பில் கொழுவிய சட்டைப்பின்

சனிக்கிழமை கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றேன். என்னோடு வேலைக்கு வரும் ராசி படியிறங்கி வந்து, "பரமேஸ் அக்கா எங்களை விட்டுப் போயிட்டாவடி" என்றாள். மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது.

மிசிசாகா கிடங்கில் எங்களோடு பெட்டி அடுக்கிய உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். நாங்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து எங்கள் நாலு பேரையும் தன் பழைய காரில் ஏற்றிப்போனவர். நான் அதிகம் படிக்கவில்லை. முதன்முதல் கார் செய்தவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காருக்குள் கேட்டதுதான். அக்கா நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொல்லுவார்.

"ஜேர்மனியிலை ஒருத்தர் காரைச் செய்துபோட்டு வைச்சிருந்தாராம். வாங்க ஆளில்லை. பெண்சாதி என்ன செய்தா தெரியுமோ? புருசனுக்குச் சொல்லாமல் ரெண்டு பெடியளையும் ஏத்திக்கொண்டு தாய்வீட்டுக்கு வெளிக்கிட்டிட்டா. காரிலை முதல் தூரப்பயணம் அதுதானடி!"

"அப்ப பெற்றோல்?" என்றாள் ராசி.

"மருந்துக்கடையிலை வேண்டினவ. குழாய் அடைக்க, தொப்பி ஊசியாலை குத்தி எடுத்தவ."

ஒரு பனிக்காலம், ஹைவேயில் உப்புச்சேறு அடித்து முன்கண்ணாடி மூடிவிட்டது. கழுவுகிற தண்ணீரும் வரவில்லை. நாங்கள் கத்தினோம். அக்கா ஓரமாக நிறுத்தி இறங்கி, கைக்காப்பில் கொழுவியிருந்த, சேலைக்குக் குத்தும் சட்டைப்பின்னைக் கழற்றி, தண்ணீர் வரும் ஓட்டையைக் குத்திவிட்டார். பீச்சியடித்தது. "அவவுக்குத் தொப்பி ஊசி, எனக்கு இது" என்று சிரித்தார்.

போன வருடம் நோய் வந்து அவரால் ஓட்ட முடியாமல் போனது. விடியற்காலை அந்தப் பக்கம் பஸ் இல்லை. அக்காவின் காரை நான் ஓட்டாவிட்டால் எங்கள் நாலு பேரின் வேலையும் போய்விடும். லைசென்ஸ் இருந்தும் நான் ஹைவேயில் ஓட்டியதே இல்லை. முதல் நாள், மருந்து ஏற்றிய களைப்போடு அவரே வந்து பின்சீற்றில் ஏறினார்.

"முன்னுக்கு வாங்கோவன் அக்கா."

"மாட்டன். நீ என்ரை முகத்தைப் பாப்பாய். ரோட்டைப் பார்."

நான் மெல்ல ஓட்ட, பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

"அடிக்கட்டுமடி. முதல் காருகளைக் கண்டு குதிரையளே மிரண்டதுகளாம். உவையள் ஹோர்ன்தானே அடிக்கினம்!"

காருக்குள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தோம். பிறகு ஒருநாளும் நான் ஓட்டாமல் விட்டதில்லை.

அக்காவின் கடைசிப் பார்வைக்கும் நான்தான் மற்ற மூவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். வெளிக்கிடும்போது காப்பில் ஒரு சட்டைப்பின்னைக் கொழுவினேன்.

"சேலைக்கோ அம்மா?" என்று என் மகள் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, காருக்கு."