பிளஸ் எது, மைனஸ் எது

வயர்மேனுக்குத் தெருவில் 'ஷாக்' என்று பெயர். அவர் வாங்கிய அடிகளில் ஒரு கட்டத்துக்குமேல் மின்சாரத்துக்கே சலித்துவிட்டது, இவர் கை பட்டால் அது வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்பார்கள். அவரும் மறுத்ததில்லை.

அவர் மனைவி ஒரு மரப்பெட்டியில் கோழிமுட்டைகளைக் குஞ்சு பொரிக்க வைத்திருந்தாள். சூட்டுக்கு உள்ளே இரண்டு பல்பு. சூடு ஏறினால் அணைக்கவும் இறங்கினால் எரிக்கவும் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. போன் சார்ஜரில் ஓடிய அது மகள் செய்துகொடுத்தது. உதிரியாக இன்னொன்றையும் மேசை டிராயரில் வைத்துவிட்டு அவள் வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். "பெட்டி அடைகாத்தா வெந்த முட்டைதான் கிடைக்கும்" என்று மனைவியின் அக்காக்காரி சொல்லிப் போனதிலிருந்து, இவள் மானம் முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

குஞ்சு வெளிவரவேண்டிய வாரம் பார்த்துக் கரண்ட் போக ஆரம்பித்தது. ஷாக் எங்கிருந்தோ ஒரு வேன் பேட்டரியைத் தூக்கிவந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. "இதெல்லாம் ஒரு கரண்டா" என்றார். பெட்டியில் வேன் பல்புகளைப் பொருத்தினார். வயரை இப்படிக் கொடுத்தாலும் எரிந்தது, மாற்றிக் கொடுத்தாலும் எரிந்தது. ஆயுள் முழுக்க அவர் கண்ட உண்மையும் அதுதானே: பிளக்கை எப்படிச் சொருகினாலும் விளக்கு எரியும். அதே நம்பிக்கையில் போர்டுக்கும் இரண்டு வயரைக் கொடுத்தார்.

போர்டு ஒரு பெருமூச்சு விட்டது. கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான்.

மனைவி முட்டைகளைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, பிளஸ் எது, மைனஸ் எதுன்னு பார்த்தீங்களா?"

"பல்பு ரெண்டு விதமாவும் எரிஞ்சுதேம்மா."

"பல்புக்கு எல்லாம் ஒண்ணுதான். போர்டு அப்படி இல்லப்பா. அதோட அஞ்சு வோல்ட் முனையில பன்னிரண்டு வோல்ட்டைக் குடுத்தா, சரியா மாட்டியிருந்தாலும் செத்துத்தான் போயிருக்கும்."

அது எந்தக் குற்றத்துக்காகச் செத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டையும் செய்திருந்தார்.

பிறகு மகள் சொல்லச் சொல்லச் செய்தார். பேட்டரியின் பிளஸ் பக்கத்தில், ஒட்டியே, ஒரு ஃபியூஸ். அடுத்து, வோல்ட்டைக் குறைக்கும் குட்டிப் பலகை. அதுவும் டிராயரில்தான் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காத மீட்டரை எடுத்து, அது ஐந்து என்று காட்டும்வரை பலகையின் திருகைத் திருப்பினார். சார்ஜர் வயரைக் கழற்றினார்; இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஊட்டக்கூடாதாம். மிச்சம், உதிரி போர்டில் வயரை வைப்பது மட்டும். செருப்பில்லாமல் நின்று மெயினில் கைவிட்ட மனிதருக்கு நெற்றியில் வேர்த்தது.

"என்னங்க, இப்படி வேர்க்குது?" என்றாள் மனைவி.

"இது அடிச்சா நமக்கு வலிக்காதுடி. அதான் பயமா இருக்கு."

வைத்தார். போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. மடியிலிருந்த முட்டைகள் பெட்டிக்குத் திரும்பின.

இன்னொரு தடவை கரண்ட் போயிருந்தபோது முதல் ஓட்டில் விரிசல் விழுந்தது. அக்காக்காரி வந்து பார்த்து, குஞ்சுகள் இளைத்திருப்பதாகச் சொன்னாள். வேறு குறை கிடைக்கவில்லை.

கண் திறந்ததும் பார்த்தது மீட்டரும் கையுமாகக் குனிந்திருந்த அவர் முகம் என்பதால், குஞ்சுகள் அவர் பின்னாலேயே வேலைக்குப் போயின. அவர் ஏணியில் ஏறினால் கீழே வரிசையாக நின்று அண்ணாந்து பார்த்தன. வீட்டுக்காரர்கள் அவருக்குத் தேநீரும் அவற்றுக்குத் தண்ணீரும் வைத்தார்கள்.