எட்டாத கொட்டு

இன்னிக்கு சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து நானும் அம்மாவும் பஸ்ஸில் ஏற்காட்டுக்குத் திரும்பிக்கிட்டிருந்தோம். அம்மா தலையில் சுற்றியிருந்த துண்டு காற்றில் நழுவினதை, அடிவாரத்தில் ஏறின ஒரு அக்கா பார்த்துட்டாங்க.

"ஏங்கண்ணு, உங்கம்மா மொட்டை எந்தக் கோயிலுக்கு?"

"இந்தப் பையன் உருப்படணும்னு வேண்டுதலுங்க. சாமி இன்னும் யோசிச்சுட்டு இருக்குது" என்று என்னையே காட்டிச் சொன்னேன்.

அக்கா சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சுட்டு, "அவன் கெடக்கறானுங்க. மார்புல புத்துநோய்னு ஆப்பரேசன் பண்ணி, இப்ப மருந்து ஏத்தறாங்க. அதுல முடி போயிருச்சுங்க. மறுபடி வளந்துருமாம்" என்றாங்க.

சொல்லிக்கிட்டே என் மண்டைக்குக் கையை ஓங்கினாங்க.

ஏற்காட்டு மலையில எங்க ஊர் கொட்டச்சேடு. ஊர்ப் பேரிலேயே கொட்டு இருக்கு, அதில் பாதி என் மண்டையில்தான் விழுந்திருக்கு. அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். ஆப்பரேசனும் இடது பக்கம்தான்.

கை தோள் உயரத்துக்கு வந்து நின்னுடுச்சு.

தினமும் தூக்கிப் பழகினா மெல்ல மேலே வரும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. அதுக்காகவே நானும் தினமும் வம்பு இழுக்கறேன். சேவை மனப்பான்மைங்க.

"இன்னும் கொஞ்சந்தாம்மா, எட்டிரும்" என்று தலையைக் குனிஞ்சு காட்டினேன்.

"போதும் சாமி" என்று தடவிக் கொடுத்தாங்க.

தடவலை யாருங்க கேட்டது?

உங்க ஊட்ல இன்னிக்குக் கொட்டு வாங்கினவங்க கமெண்ட்டுக்கு வாங்க. எப்படி வலிச்சுதுன்னு விவரமாச் சொல்லுங்க. எனக்கு நொம்ப நாளாச்சு.