பயிற்சிக்கு ஒரே ஓர் இடம்

துறை வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. பயிற்சி, வேலை, கட்டுரைப் போட்டி எல்லாம் அதில்தான் வரும். 1991இல் நான் சென்னையில் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ், தாம்பரத்தில் மின்சார ரயில் என்று தினமும் நாலு மணி நேரம் அலைந்து படித்தேன். அந்தப் பலகையில் ஒருநாள் ஒரு நாளிதழின் பயிற்சி அறிவிப்பு வந்தது. ஒரே ஓர் இடம். பயிற்சி முடிந்ததும் அவர்களே வேலையும் தருவார்கள்.

நேர்காணலில் கேள்வி கேட்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீரைக்கூடையோடு ஏறும் பெண்களைக் கண்டக்டர்கள் பாதி வழியில் இறக்கிவிடுவதைப் பற்றி நான் எழுதிய கட்டுரை மேசைமேல் கிடந்தது. ஒருவரும் புரட்டவில்லை. விண்ணப்பத்தில் ஸ்ரீபெரும்புதூர் வட்டம் என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த மே மாதம்தான் அங்கே தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து ஒரு தலைவர் கொல்லப்பட்டிருந்தார்.

“அன்னைக்கு நீங்க அங்க இருந்தீங்களா?”

“இல்ல சார். எங்க ஊர்லேர்ந்து அது ரொம்ப தூரம்.”

“சத்தமாவது கேட்டுச்சா?”

கேட்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். செத்தவர்களைப் பார்த்திருந்தால்தான் எனக்கு எழுத வரும் போலிருக்கிறது!

இடம் என் வகுப்புத் தோழனுக்குப் போனது. நகரத்துப் பையன், எங்கள் பக்கம் கால் வைத்ததே இல்லை. அவனுக்குக் கொடுத்த முதல் வேலை ஸ்ரீபெரும்புதூர் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுவது. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, “கூடப் போய் உதவி பண்ணும்மா, உனக்கும் இது ஒரு வாய்ப்பு” என்றார். “ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்றேன்” என்றான் அவன். என் பெயர் ஒருமுறை அச்சில் வந்துவிட்டால் வேறு பத்திரிகைக் கதவைத் தட்டலாம். அந்த ஆசையில் போனேன்.

என் அத்தை அங்கே கடைத்தெருவில் பூ விற்றுக்கொண்டிருந்தாள். பத்திரிகைக்காரர்கள் யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததால் பேசினாள்.

“போலீசு நாலு தபா வந்துட்டாங்கோ. அன்னிக்கு யாரு பூ வாங்கினாங்க, மூஞ்சி எப்டி இருந்துச்சுன்னு கேக்கறாங்கோ. பூ விக்கறவ மூஞ்சியையா பாப்பா? நீட்டற கையதான் பாப்பேன். இப்ப ஒவ்வொரு கையையும் பாத்தா பயமா கீது.”

அவன் வேகவேகமாக எழுதிக்கொண்டான். வேறு யாரும் அவனிடம் வாய் திறக்கவில்லை.

கட்டுரை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தை சொன்னதுதான் தலைப்பே. கீழே அவன் பெயர் மட்டும். நடுவில் ஓரிடத்தில், ‘எனக்கு வழி காட்டிய உள்ளூர்ப் பெண்’ என்று ஒரு வரி. திங்கட்கிழமை அதைப் பலகையில் ஒட்டி, நம் மாணவரின் சாதனை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அவனைக் கேட்டேன். “எடிட்டர் வெட்டிட்டாரு, நான் என்ன பண்ண?” என்றான். என் கண்ணைப் பார்த்துச் சொல்லக்கூட அவனுக்குத் தைரியம் இல்லை. துறைத்தலைவர், அடுத்த அறிவிப்பு வரும்போது பார்க்கலாம் என்றார்.

அந்த வாரக் கடைசியில் அத்தை வீட்டுக்குப் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பேப்பரை வாங்கி மடித்து வைத்திருந்தாள். தெரு முழுக்க, எங்க அண்ணன் பொண்ணு எழுதினது என்று காட்டியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் மடியில் விரித்தாள்.

“உம் பேரு எங்க கீது? காட்டு.”

உள்ளூர்ப் பெண் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தேன். அத்தை குனிந்து அந்த இரண்டு வார்த்தையையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.