எங்கே போச்சு பதினோரு கிலோ

பத்து வாரத்தில் என் அம்மா பதினோரு கிலோ இளைத்தாள். கம்பெனியில் அதற்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் மேல் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது, அதை எல்லாம் எழுதத்தான் போகிறேன். ஆனால் நானும் தட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். அம்மா செக்கிங்கில். தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை, நூல் பிசிறு பார்த்து ஒதுக்குகிற வேலை. நான் துணி ஸ்டோரில். சாயத்துக்குப் போகிற துணியையும், சாயம் ஏறித் திரும்பி வருகிற துணியையும் எடை போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள் நான் ஒருத்திதான். அதற்கு மேல் மூன்று வருடம் கல்லூரியும் போனேன். மருந்துச் சீட்டோ, கரண்ட் ஆபீஸ் கடிதமோ, எந்தக் காகிதம் வீட்டுக்கு வந்தாலும் அது என் கைக்கு வந்த பிறகுதான் அதற்கு அர்த்தம் வரும். எனக்கு அதில் பெருமை. அதை மறைக்க மாட்டேன்.

போன வருடம் சேவூர்ப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போண்டாத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு இப்ப ஒல்லியாத்தானுங்க இருக்குது. அம்மாவப் பாத்தாத்தானுங்களே தெரியும், ரெண்டு பெத்ததுக்கப்பறம் எப்படி ஆகும்னு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சம்பந்தம் கூடவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா நம்பவில்லை. தன் உடம்பைப் பார்த்துத்தான் மகளை வேண்டாம் என்றார்கள் என்று முடிவு செய்துகொண்டாள். என்னிடம் அதைச் சொல்லவும் இல்லை.

செக்கிங் டேபிளில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஓர் அக்கா, இளைக்கிற பவுடர் விற்றுக்கொண்டிருந்தார். இராத்திரிச் சோற்றுக்குப் பதிலாக அதைப் பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். அம்மா ஒரு டப்பா வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"நீ படிச்சவ. பாத்துச் சொல்லு கண்ணு."

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். புரோட்டீன், சோயா, விட்டமின், இரும்புச்சத்து. போனில் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தேன். பரீட்சை எழுதுகிறவளைப் போல அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல தப்பா ஒண்ணுமில்லம்மா, குடி" என்று தீர்ப்புச் சொன்னேன். டப்பாவைப் பற்றி நான் சொன்னது இன்றைக்கும் சரிதான். அந்தத் தூளில் விஷம் எதுவும் இல்லை. என் ஆத்திரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பவுடர் அக்கா தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு என் ஸ்டோருக்கு வருவார். ஆறேழு பெண்கள். துணி உருளைகளை எடை போடுகிற பெரிய மேடைத் தராசில் ஒவ்வொருவராக ஏறுவார்கள். நான் எண்ணைப் படிக்க, அந்த அக்கா ஓர் அட்டைப்பெட்டித் துண்டில் எழுதிக்கொள்வார். அதிகமாகக் குறைந்தவருக்குக் கைதட்டு. முதல் வாரம் அம்மா எழுபத்தொன்று புள்ளி நான்கு. அடுத்தடுத்த வாரங்களில் ஒரு கிலோ, ஒன்றரை, இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்கு நூறு கிராமும் இருநூறு கிராமும் முக்கி முனகிக் குறைந்தபோது அம்மா மட்டும் ஓடினாள். "உங்கம்மா காத்துல பறந்துருவாங்க போல, கல்லு கட்டி வெய்யி" என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். அம்மாவுக்கு வெட்கமும் சந்தோஷமும். ஜாக்கெட்டுகளை எல்லாம் பிடித்துத் தைத்தாள்.

அவளுக்குத் தாகம் வந்தது. டேபிளுக்கடியில் ஒரு பாட்டில் இருந்த இடத்தில் இரண்டு வைத்தாள். உடம்பு சுத்தமாகுதுங்க என்றார் பவுடர் அக்கா. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டி வந்தது. கொழுப்பு கரைந்து அப்படித்தான் வெளியே போகும் என்றார். கை கால் ஓய்ந்து வந்தது. பழைய சதை விடும்போது அப்படித்தான் இருக்கும் என்றார். பசி தாங்க முடியவில்லை, என் டிபன் பாக்ஸிலும் பாதியை அம்மா சாப்பிட்டாள். பகலில் நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதென்றால் பவுடர் அவ்வளவு நல்லது என்று அதற்கும் ஒரு பதில் இருந்தது. அந்த அக்கா பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தனக்குச் சொன்னதை நம்பினார், நம்பியதைச் சொன்னார். ஆனால் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவர்கள் மேல் எனக்கு இப்போது ஒரு வெறுப்பு இருக்கிறது.

அம்மாவின் லைனுக்கு பாத்ரூம் டோக்கன் இரண்டுதான். அதை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து மாட்டிய பிறகுதான் அடுத்தவர் போகலாம். அம்மா அடிக்கடி எடுப்பதைப் பார்த்த சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏனுங்க, பனியனுக்குச் சம்பளம் வாங்கறீங்களா, பாத்ரூமுக்கா?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். எங்கள் ஊரில் செருப்பால் அடிப்பதைக்கூட 'ங்க' சேர்த்துத்தான் அடிப்பார்கள். அதன் பிறகு அம்மா அடக்கிக்கொண்டு நின்றாள். கண் மங்கியது, கறை விழுந்த இரண்டு பனியன் அவள் கையைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கும் திட்டு வாங்கினாள். எல்லாவற்றையும் வீட்டில் சிரிப்பாகச் சொன்னாள். நானும் கேட்டுச் சிரித்தேன்.

பத்தாவது சனிக்கிழமை காலை சாயப்பட்டறையிலிருந்து ஒரு லோடு துணி வந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நூறு கிலோ துணி சாயத்துக்குப் போனால் நூறு கிலோ திரும்பாது. பஞ்சில் இருக்கிற அழுக்கு, எண்ணெய், மெழுகு எல்லாம் கழுவிப் போய்விடும். அதற்கு பிராசஸ் லாஸ் என்று பெயர். எவ்வளவு குறையலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். அதற்குள் குறைந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்கு மேல் ஒரு கிலோ போனாலும் எங்கே போச்சு என்று கேட்டாக வேண்டும். அதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம். துணி கிழிந்துபோய் வெட்டிப் போட்டார்களா, அதிகமாக வெந்து நைந்து போச்சா, பதில் வருகிற வரைக்கும் துணியைக் கட்டிங்குக்கு விடமாட்டேன்.

அன்றைக்கு வந்த லோடில் ஒன்பது கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. பட்டறை மேனேஜருக்குப் போன் போட்டேன். பேச்சு சாப்பாட்டு நேரம் வரைக்கும் இழுத்தது. அவர் கடைசியில் சமாளிக்க முடியாமல் ஒரு ஜோக் அடித்தார்.

"எடை குறஞ்சா நல்லதுதானுங்களே மேடம். துணி லைட்டா, போட்டா சொகமா இருக்கும்."

"தானாக் குறையாதுங்க," என்றேன். "எங்க போச்சுன்னு சொல்லுங்க. சொல்லாம நான் துணிய எடுக்க மாட்டேன்."

போனைக் கையில் வைத்தபடியே திரும்பினால் அம்மா தராசில் ஏறி நிற்கிறாள். அறுபது புள்ளி மூன்று. பவுடர் அக்கா அட்டையில் எழுதிவிட்டு, மொத்தம் பதினோரு கிலோ என்று அறிவித்தார். தட்டினார்கள். என் கையும் தட்டியது, பழக்கத்தில். தட்டிக்கொண்டே அம்மாவைப் பார்த்தேன். தராசிலிருந்து இறங்க அவள் ஒரு துணி உருளையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தெலும்பு இரண்டும் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. இறங்கியதும் யார் பாட்டில் என்றுகூடப் பார்க்காமல் எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

ஒன்பது கிலோ துணிக்கு ஒரு மணி நேரம் ஓர் ஆளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் நான். என் அம்மாவில் பதினோரு கிலோவைக் காணவில்லை. வாரா வாரம் அந்த எண்ணை என் வாயால்தான் படித்திருக்கிறேன்.

பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு நாலு தெரு தள்ளியிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள், ஓவர்டைம் காசு போய்விடும் என்று. நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை மிஷினில் வைத்தார். எண் வரும் என்று பார்த்தால் இரண்டு ஆங்கில எழுத்து வந்தது. எச், ஐ.

"என்ன கண்ணு போட்டிருக்குது?" என்றாள் அம்மா.

"ஹாய்னு போட்டிருக்கும்மா," என்றேன். மிஷின் நமக்கு வணக்கம் சொல்கிறது, இனிமேல்தான் எண் வரும் என்று நிஜமாகவே நினைத்தேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது ஹாய் இல்லை, ஹை. அந்த மிஷினால் அளந்து சொல்ல முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். படித்தவள் படித்த லட்சணம் அது.

அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஐந்து நாள் வைத்திருந்தார்கள். வார்டுக்கு வந்த லேடி டாக்டர் என்னைவிட நான்கைந்து வயதே மூத்தவராக இருப்பார். பொறுமையும் குறைவு. எவ்வளவு நாளில் எவ்வளவு குறைந்தது, முயற்சி செய்துதான் குறைந்ததா, என்ன சாப்பிட்டீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டார். அந்த மூன்றுக்கும் விடை எங்களிடம் பத்து வாரமாக இருந்தது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நன்றாகச் சாப்பிட்டு, நடந்து, வாரம் அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைந்தால் சரி, பெரும்பாலும் அது கொழுப்பு என்றார். பட்டினி கிடந்து அதைவிட வேகமாக இளைத்தால் சதையும் சேர்ந்து கரையும், முடி கொட்டும், பித்தப்பையில் கல் வரலாம். அள்ளி அள்ளிச் சாப்பிட்டும் இளைத்தால் அது இளைப்பதே இல்லை, நோய் என்றார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது. பவுடர் அக்கா சொன்னதில் அது மட்டும் கொஞ்சம் உண்மை. கரைந்து அப்படித்தான் வெளியே போயிருக்கிறது, என் அம்மா.

பவுடர் அக்கா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். வார்டுக்கு வெளியே என்னை நிறுத்தி, பவுடரால் ஒன்றும் இல்லையே என்று இரண்டு தரம் கேட்டார்.

"இல்லீங்க. பவுடரால ஒண்ணுமில்ல. பவுடர் இருந்ததால நாங்க யாரும் வேற எதையும் பாக்கல."

சாத்துக்குடிப் பையை என் கையில் திணித்தார். அந்த ஒரு தடவைதான் அவரைப் பதில் இல்லாமல் பார்த்தேன். தனக்கும் காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது, முடி கொத்துக் கொத்தாக வருகிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இரத்தம் கொடுத்துப் பாருங்கள், அட்டையில் எழுதாதீர்கள் என்றேன். கொஞ்சம் அன்பாகச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னிடம் அன்பு இல்லை.

வீட்டுக்கு வந்து ஊசியும் மாத்திரையும் ஒரு மாதம் ஓடிய பிறகு அம்மாவுக்கு மூன்று கிலோ ஏறியது. டாக்டர் நல்லது என்றார். கம்பெனிப் பெண்கள் அப்படிச் சொல்லவில்லை. "அடடா, மறுபடியும் போட்டுட்டீங்களே" என்று துக்கம் விசாரித்தார்கள். நோயில் கிடந்தபோது கைதட்டிய அதே கைகள். அம்மா அன்றிலிருந்து மாத்திரையைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினாள். அந்த டாக்டர் பொண்ணு ஒல்லியாக இருக்கிறாள், அவளுக்கு என்ன தெரியும் என்றாள்.

ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டோருக்கு ஓடி வந்து கூப்பிட்டார்கள். அம்மா செக்கிங் டேபிளுக்கடியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுங்கியது, என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு பார்வை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று யாரோ சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். எழுந்து பனியன் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் புது டப்பா இருந்தது. மாத்திரையைப் போட்டுவிட்டு, இட்லியைப் பக்கத்து வீட்டு நாய்க்கு வைத்துவிட்டு, தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். நாலு நாளாக.

நான் கத்தினேன். தெருவில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி கத்தினேன். அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"என்னயப் பாத்துத்தான உன்னய வேண்டாம்னாங்க."

எனக்கு அந்தப் பெரியம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. கிடைத்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

"உன்னயப் பாத்து வேண்டாம்னு சொல்றவன் எனக்கும் வேண்டாம்மா. நாளைக்குச் சாப்பிடாம மாத்திரை போட்டியோ, நான் வேலைக்குப் போக மாட்டேன். உம் பக்கத்துலயே உக்காந்து ஊட்டி உடுவேன். ஊரே சிரிக்கட்டும்."

"ஊட்டி உடுவியா," என்றாள். "உனக்கு வாய் ஜாஸ்தியாயிருச்சு. படிக்க வெச்சது தப்பு."

அதன் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எது வேண்டுமானாலும் அப்பாவிடம் சொல்லி அனுப்பினாள். காலையில் மூன்று இட்லியை என் கண் முன்னால், என்னை முறைத்துக்கொண்டே தின்றாள். வாயைத் திறந்து காட்டாத குறை. அப்புறம்தான் மாத்திரை. நானும் முறைத்துக்கொண்டே பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை மறுபரிசோதனை. பஸ்ஸிலும் பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளை எடை மிஷினில் நிற்க வைத்து அறுபத்து நான்கு என்று எழுதினார். அம்மா இறங்கவில்லை. என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி, சண்டைக்கு நிற்கிற குரலில் நர்ஸிடம் கேட்டாள்.

"இது போதுமுங்களா, இன்னும் ஏறோணுமா?"

பத்து வாரம் தராசில் ஏறி இறங்கியவள், எவ்வளவு இருந்தால் சரி என்று ஒருவரிடம் கேட்டது அதுதான் முதல் முறை. இன்னும் கொஞ்சம் ஏறலாம், அப்புறம் அங்கேயே நிற்கட்டும் என்றார் நர்ஸ். அம்மா தலையாட்டிவிட்டு இறங்கி, எடைக்கு ஏறும்முன் கழற்றித் தந்த செருப்புப் பையை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.